துரை ஒருமுறைதான் கேட்டார்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்த நாளில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு வேலை. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் மாப்பிள்ளையாக இருந்தாலும் வெளியில்தான். கல்யாணம் எங்கள் வீட்டில், காலை முகூர்த்தம். டுரியான் துங்காலிலிருந்து பெண் வீட்டார் முதல்நாளே ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும். பஸ்ஸோ ரெம்பியாவோடு நின்றுவிடும். தோட்டத்து லோரிதான் கதி.

நான் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் கடிதம் எழுதும் கையேடு ஒன்றை மனப்பாடம் செய்தவன். தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அவருடைய சுருட்டு பாதியாகிவிடும்.

அப்பா மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. லோரி கேட்க இருவரும் பங்களாவுக்குப் போனோம். போன அப்பா வாய்விட்டுக் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகையைப் பழத்தட்டில் வைத்து நீட்டிவிட்டு, சம்பந்தி வீட்டார் வந்து சேருவதில் உள்ள கஷ்டத்தை வானத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

துரை நல்ல மனிதர். "வுட் யூ லைக் த லோரி?" என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஐயையோ, வேணாங்க தொரை! ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

நம் வீடுகளில் இதற்கு 'வேண்டும்' என்று அர்த்தம். சாப்பிடக் கூப்பிட்டவுடன் இலையில் உட்காருகிறவனை யார் மதிப்பார்கள்? ஆனால் மொழிபெயர்ப்பில் நான் மகா யோக்கியன். "பிளீஸ் டோன்ட் டிரபிள் யுவர்செல்ஃப், சார்" என்றேன், உச்சரிப்பை நானே ரசித்தபடி.

"ரைட்டோ" என்று துரை உள்ளே போய்விட்டார்.

அப்பா அசையவில்லை. "இரு லா, திரும்ப வந்து கேப்பாரு."

துரையின் நாய்தான் திரும்ப வந்தது.

மறுநாள் ஆபீஸில் நானே ஆரம்பித்தேன். துரைக்குத் தொந்தரவு இல்லையென்றால், வேறு அவசர வேலை எதுவும் இல்லாத பட்சத்தில், லோரியைக் குறித்து ஒருவேளை யோசிக்க இயலுமா என்று மிகுந்த பணிவுடன்...

"லோரி வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும், சார்."

"எடுத்துக்கொள்."

விஷயம் தெரிந்ததும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயத் தொறந்து வேணும்னே கேட்டுட்டியா? மானம் போச்சு!" பெண் வராமல் போனால் மானம் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாளும் வந்தது. ஆறு மணி ஆகப்போகிறது, லோரியைக் காணோம். காவல்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, லயத்துலயே வேற பொண்ணு பாத்துடலாமா?"

கதவில் அவர் கை வைத்த நேரம், புழுதியைக் கிளப்பிக்கொண்டு லோரி உள்ளே நுழைந்தது. டிரைவர் குதித்து இறங்கினார்.

"ஒங்க சம்பந்தி இருக்காரே, மண்டோரே! 'எங்களுக்கு எதுக்கு லோரி, நாங்க பஸ்சுல வந்துக்குறோம்'னு ஒரே புடிவாதம். கெஞ்சிப் பாத்து, கடைசியில ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு இழுத்துத்தான் ஏத்துனேன்."

அப்பா பதறிப்போனார். "ஏன்டா, பொண்ணையுமா கையப் புடிச்சு இழுத்தே?"

"பொண்ணா? நான் இஞ்சின நிறுத்துறதுக்குள்ள அது முன் சீட்டுல ஏறி ஒக்காந்துருச்சு!"