நான்காம் பலகை

என் தம்பி பால்ஸ் ரைனர் இருபத்தொன்பது வருடம் எங்கள் பள்ளத்தாக்கின் பேருந்தை ஓட்டினான். ரயில் நிலையத்திலிருந்து மேலே கடைசி ஊர் வரை பதினெட்டு கிலோமீட்டர், முப்பத்தொரு வளைவு. இத்தனை வருடத்தில் அவன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கிளாருஸ் நகரத்திலிருந்து வரும் பெரிய வண்டிகள் பனியில் நின்றுவிட்ட நாட்களிலும், சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிப் பள்ளிப் பிள்ளைகளை வீடு சேர்த்தவன் அவன். அவனைப் பற்றிப் பேசும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும் என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

பேருந்துக்கு அடுத்தபடி அவனுக்குத் துப்பாக்கிதான். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, மே மாதக் கடைசியில், எங்கள் புல்வெளியில் சுடுநாள் நடக்கும். முந்நூறு மீட்டர் தூரத்தில் வரிசையாக எண் போட்ட குறிப் பலகைகள். ஆளுக்குப் பதினெட்டு குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் நான்கு புள்ளி. ஐம்பத்தேழு எடுத்தால் மாலை உண்டு. இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐம்பத்தைந்து போதும். மாலை என்று பெயரே தவிர, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னம், சட்டையில் குத்திக்கொள்வது. பால்ஸிடம் முப்பத்தெட்டு இருந்தன.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். துணி அச்சிடும் ஆலையில் பிழை பார்க்கும் வேலை செய்தேன். அந்தக் கண்ணை நம்பித்தான் சுடுநாளில் புள்ளி எழுத என்னை உட்கார வைத்தார்கள். முப்பத்தொரு வருடமாக எழுதுகிறேன். பலகையில் குண்டு பட்டால் அதன் புள்ளி, சுடுபவர் பக்கத்தில் இருக்கும் திரையில் விழும்; அதைத் தாளில் எழுதிக் கீழே கையெழுத்திட வேண்டும். என் தாளில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை.

அந்த வருடம் சுடுநாளுக்கு முதல் நாள் பால்ஸ் என் சமையலறைக்கு வந்தான். காபியைத் தொடவில்லை.

"அக்கா, நேரா நிக்கிற கம்பமெல்லாம் நடுவுல நெளியுது."

"எப்பலேருந்துடா?"

"பனி உருகினதுலேருந்து. செவ்வாக்கிழமை ஸ்டாப்ல ஒரு பொண்ணு நின்னிருக்கா. எனக்குத் தெரியவே இல்ல, தாண்டிப் போயிட்டேன். ஓடி வந்து கதவைத் தட்டினா. அவ ரோட்டோரம் நிக்காம ரோட்டுல நின்னிருந்தா?"

"நாளைக்கே டாக்டர்கிட்ட போ."

"போனா சாவியைப் புடுங்கிடுவாங்க." காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "நாளைக்குச் சுடறேன். மாலை கெடைச்சா கண்ணு போதும்னு அர்த்தம். கெடைக்கலன்னா திங்கக்கிழமை நானே சாவியைக் கொண்டுபோய் வெச்சுடறேன். மட்லேனுக்குத் தெரிய வேணாம்."

மட்லேன் அவன் மகள். வயது பதினெட்டு. மூன்று வருடம் முன்பு அவள் அம்மா இறந்தபின் அந்த வீட்டில் இருவர்தான். நானும் சரி என்றேன். எங்கள் ஊரில் டாக்டரை நம்பாதவன்கூடப் பலகையை நம்புவான்.

மறுநாள் நல்ல வெயில். சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்த ஃப்ரிட்லி தூரத்திலேயே கத்தினான். "வாய்யா பால்ஸ்! இந்தத் தடவையாவது எங்களுக்கு ஒரு மாலைய விட்டு வைப்பியா?"

"ஒனக்கு மாலை வேணும்னா, பூமாலை போட்டு மலைமேல மேய்ச்சலுக்கு ஏறுற பசு கழுத்துலேருந்து உருவிக்கோ!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மட்லேன் அப்பாவுக்குப் பாயை விரித்துக் கொடுத்தாள். "பாத்துப் படுங்கப்பா. பேன்ட் பட்டன் தெறிச்சா யார் மேலயாவது படும்."

"பட்டா அதுக்கும் புள்ளி போடச் சொல்லு ஒங்க அத்தைகிட்ட."

அவனுக்கு நான்காம் பலகை, அவளுக்கு ஐந்தாம் பலகை. பக்கத்துப் பக்கத்தில் குப்புறப் படுத்தார்கள். பின்னால் என் மேசை, இருவருக்கும் நான்தான் எழுதினேன். பன்னிரண்டு குண்டு முடிந்தபோது மட்லேனுக்கு நாற்பத்து மூன்று. பால்ஸுக்கு முப்பத்தாறுதான். ஒவ்வொரு குண்டுக்கும் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டு எடுத்த முப்பத்தாறு.

மிச்சம் ஆறு குண்டு, ஒரே நிமிடத்தில் சுட வேண்டியவை. மாலைக்கு இருபத்தொரு புள்ளி தேவை. கண் தெளிவாக இருக்கிறவனுக்கே கஷ்டம்.

உத்தரவு வந்தது. பால்ஸ் முதலில் சுட்டான். அவன் திரை வெறுமையாக இருந்தது. இன்னும் விசையையே தொடாத மட்லேனின் திரையில் ஒரு பூஜ்யம் விழுந்தது.

அவன் மகளின் பலகையைத் தன்னுடையது என்று சுட்டுக்கொண்டிருந்தான்.

மட்லேன் திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் முழங்கையை ஓர் அங்குலம் நகர்த்தி ஆறு குண்டுகளையும் நான்காம் பலகையில் இறக்கினாள்.

நிமிடம் முடிந்தது. இரண்டு திரையிலும் சரியாக ஆறு ஆறு குண்டு. நான்காவதில் இருபத்திரண்டு புள்ளி. ஐந்தாவதில் ஐந்து. பலகை மாறிவிட்டது என்று நான் எழுந்து நின்று கையை உயர்த்தியிருக்க வேண்டும். எழவில்லை. முப்பத்தாறும் இருபத்திரண்டும் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். நாற்பத்து மூன்றும் ஐந்தும் நாற்பத்தெட்டு என்று எழுதினேன். இரண்டின் கீழும் கையெழுத்திட்டேன். அந்த நேரத்தில் அவன் ஜெயித்துவிட்டான் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் என் மனதில் இல்லை. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவன் சட்டையில் மாலையைக் குத்தினார்கள். மட்லேனைச் சுடும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"நாலுல சுட்டது நீதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப? அவர் மூஞ்சியப் பாருங்க அத்தை. அம்மா போனதுக்கப்புறம் இப்படிச் சிரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

சாவியைப் பற்றிச் சொன்னேன். ஸ்டாப்பில் நின்ற பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

"ஏன் எனக்கு முன்னாடியே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னான்."

"நீங்களும் பாத்தீங்கல்ல? அப்புறம் ஏன் எழுதினீங்க?"



ஞாயிறு மதியம் இருவருமாக அவனிடம் சொன்னோம். அவன் கத்தவில்லை. தாள்களைக் கொண்டுவரச் சொன்னான். ஜன்னலருகே போய், தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் படித்தான்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"என் தாள்ல தப்பே கெடையாதுன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிவியே, இது மட்டும் தப்பாயிடுச்சா?"

"அப்பா, சத்தியமா சொல்றேன். அந்த ஆறும் நான் சுட்டதுப்பா."

"நீ சுட்டது அஞ்சு புள்ளிம்மா. இதோ எழுதியிருக்கு. மோசமா சுட்டுட்டு அப்பன் மாலையில பங்கு கேக்காத."

மட்லேன் மேலே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் தாள்களை மடித்து என் கையில் கொடுத்தான்.

"கண்ணு போதும்னு பலகை சொல்லிடுச்சு அக்கா. காலைல அஞ்சு அம்பதுக்கு வண்டி. நீ கெளம்பு."

காலையில் அந்த வண்டி மேலே போய், இறங்கும்போது இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்கு வந்தேன். வெயில் இன்னும் மலை மேல் இருந்தது. பேருந்துப் பணிமனைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். டிரைவர் ஒருவரைப் பற்றிப் புகார் என்றேன். யார் என்று கேட்டாள். சொன்னேன்.

"பால்ஸா? எங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல டிரைவராச்சே அவரு!"

"ஆமாம்," என்றேன். "இருந்தாலும் எழுதிக்கோங்க."

அவன் கண்ணைப் பற்றிச் சொன்னேன். சொன்னது அவன் அக்கா என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.