பச்சைன்னா இன்னா, ஜோசு?

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. ஜோசலினும் நானும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறோம். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண் ஒன்றும் இல்லை. ஆனாலும் நம்புகிறேன். தனக்கே கேவலமான ஒன்றை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள்.

விமானத்தில் போகிற பார்சல்களைச் சோதிக்கும் ஒரு தனியார் கிடங்கில் அவளுக்கு வேலை. எக்ஸ்ரே திரை முன்னால் உட்கார வேண்டும். பெட்டி மெஷினுக்குள் போனதும் அதன் வயிறு திரையில் தெரியும். துணியும் சாப்பாடும் ஆரஞ்சு நிறம். இரும்பு நீலம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சை. பெட்டிக்குள் கத்தி, துப்பாக்கி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று சில நொடிகளில் சொல்லிவிட வேண்டும். கண் பழகுவதற்காக எல்லோரும் மாதாமாதம் குரோம்பேட்டையில் இருக்கும் பயிற்சி அறைக்கு வந்து, கம்ப்யூட்டர் காட்டும் பெட்டிகளைப் பார்த்து மார்க் வாங்க வேண்டும். அவரவர் கட்டைவிரலை வைத்தால்தான் திரை திறக்கும்.

ஜோசலின் இதில் கில்லாடி. கூட வேலை பார்த்த முடிச்சூர் லோகநாயகி அக்காவுக்கோ இது தலையில் ஏறவே இல்லை. வாசலில் பெண்களைச் சோதிக்கும் வேலையிலிருந்து திரைக்கு மாற்றப்பட்டவர். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகப் படிக்க வந்த கூச்சம் வேறு. திரையை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் பார்ப்பார். திரை முழுக்க விரலில் ஒட்டிய குங்குமத்தின் கறை. ஒவ்வொரு தடவையும் அதே கேள்விதான்.

"பச்சைன்னா இன்னா, ஜோசு?"

இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் தடவை எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க விரலை மட்டும் வெச்சுட்டுப் போங்கக்கா. நானே போட்டுடறேன்."

அதுவே வழக்கமாகிவிட்டது. அக்கா விரல் வைப்பார், ஜோசலின் மார்க் எடுப்பாள். நன்றிக்கு எலுமிச்சை சாதம் வரும். இவளும் வெட்கமில்லாமல் வழித்துச் சாப்பிடுவாள்.

வினை ஒரு குடையில் வந்தது. ஆட்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று சோதிக்க, குடைக்குள் கத்தியைச் செருகிப் பெட்டியில் வைத்து மேலதிகாரிகளே அனுப்பினார்கள். அக்கா அதை விட்டுவிட்டார். மேனேஜர் பத்ரிநாராயணன் அவருடைய மார்க்கை எடுத்துப் பார்த்தார். மாதாமாதம் தொண்ணூறுக்கு மேல்! "இவ்வளவு தெரிஞ்சவங்க கண்ணுக்கு இது தெரியலையா? யார்கிட்ட கைநீட்டிக் காசு வாங்கினே?"

தெரியாதவர் என்றிருந்தால் திட்டி விட்டிருப்பார்கள். ஜோசலின் போட்ட மார்க், அக்காவைத் திருடி ஆக்கிவிட்டது.

அக்கா இவள் பெயரைச் சொல்லவில்லை. இவளும் வாய் திறக்கவில்லை. திறந்தால் இவள் வேலையும் போகும். அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விசாரணைக்கு ஒரு புதன்கிழமையைக் குறித்தார்கள். அன்று அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அன்றைக்குக் கண் தவறிவிட்டது என்று விடுவார்கள். இல்லையென்றால் திருட்டுப் பட்டம்தான். அதுவரை பயிற்சி அறைக்கு வந்து பழகிக்கொள்ள அனுமதி உண்டு. அக்கா தினமும் போன் செய்தார். ஜோசலின் எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலும் 'லோகநாயகி அக்கா' என்று போன் ஒளிர்ந்தது. கவிழ்த்து வைத்தாள்.

அன்று மதியம் மூன்று மணி. ஜி.எஸ்.டி. ரோட்டில் கொட்டும் மழை. பயிற்சி அறையில் மாத மார்க்குக்காக வந்திருந்த ஜோசலின் மட்டும். பொறுப்பாளர் வில்பிரட் சார் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா.

அந்தக் கதவு திறந்தால் 'பீப்' என்று கத்தும். கத்தவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கிறீச்சிடும். அதுவும் இல்லை. வெளியே அப்படி ஒரு மழை... அக்காவின் புடவை நனையவில்லை. ஆட்டோவில் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். போன் எடுக்காததற்குத் திட்டப்போகிறார் என்ற பயம்தான் அவளுக்கு. வேறு பயம் அப்போது வரவில்லை.

அக்கா திட்டவில்லை. கட்டைவிரலை வைத்தார். திரை திறந்தது.

"நாளிக்கு நானே சொல்லணும் ஜோசு. கத்துக் குடு."

குரல் தூரத்திலிருந்து வந்தது போல இருந்தது. ஜோசலின் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பெட்டி. இரண்டு பெட்டி. அக்கா வழக்கம்போல விரலால் திரையைத் தொட்டார்.

கறை படியவில்லை.

"பச்சைன்னா இன்னா, ஜோசு?"

"சொன்னேனேக்கா. கண்ணாடி, அலுமினியம்... அந்த மாதிரி."

அடுத்த பெட்டி.

"பச்சைன்னா இன்னா, ஜோசு?"

அறை குளிர்ந்தது. ஏசியைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

"பச்சைன்னா... இன்னா, ஜோசு?"

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். ஜோசலினுக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. பழைய வார்த்தைகள் தானாக வாயில் வந்தன.

"நீங்க போங்கக்கா. நானே போட்டுடறேன்."

அக்கா அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. வாத்தியார் வெளியே போகச் சொன்ன பிள்ளையின் முகம். எழுந்தார். அணைந்திருந்த பக்கத்துத் திரையில் ஜோசலினின் முகம் தெரிந்தது.

அவள் முகம் மட்டும்.

திரும்பினாள். யாரும் இல்லை. கதவு கத்தவில்லை...

என்ன செய்வதென்று தெரியாமல் மீதிப் பெட்டிகளைப் போட்டு முடித்தாள். கைக்குத்தான் பழக்கமாயிற்றே. மார்க் தொண்ணூற்றேழு.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அதே பெயர். இந்தத் தடவை எடுத்தாள். பேசியது அக்காவின் மகள் ஸ்ரீவித்யா.

"காலையில இருந்து போன் பண்றேன்க்கா. அம்மா... ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆறு மணிக்கே போயிட்டாங்க. கடைசி வரைக்கும் நாளைக்குப் பரீட்சை, பரீட்சைன்னே சொல்லிட்டிருந்தாங்கக்கா."

ஜோசலின் மழையில் அப்படியே நின்றாள். மாலை முடிச்சூருக்குப் போனாள். அக்காவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. காலடியிலேயே நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை பத்ரிநாராயணன் எல்லோரையும் கூப்பிட்டார். இறந்தவர் கணக்கை மூடப் போனவர் மிரண்டு போயிருந்தார்.

"அந்தம்மா காலையிலேயே போயாச்சு. மதியம் அவங்க பேர்ல தொண்ணூத்தேழு மார்க். உட்கார்ந்தது யாரு?"

பயிற்சி அறையில் கேமரா கிடையாது. சும்மா இருந்திருந்தால் யாராலும் நிரூபித்திருக்க முடியாது.

"நான்தான் சார். எல்லா மாசமும் நான்தான். அவங்களுக்குப் பார்க்கத் தெரியாது. அவங்க திருடலை சார்."

சொல்லும்போது கூட வேலை செய்பவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவளால். வேலை அன்றே போயிற்று. லோகநாயகியின் மேல் இருந்த திருட்டுப் புகாரை அன்றே எடுத்தார்கள்.

அவள் வாசல் வரை போனபோது வில்பிரட் சார் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்.

"சரிம்மா, நீ உட்கார்ந்தே. ஒத்துக்கறேன். மெஷின்ல மூணு பன்னெண்டுக்குப் பதிவாயிருக்கற ரேகை அவங்களோடது. கட்டைவிரலை யாரும்மா வெச்சாங்க?"

ஜோசலின் அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

போன வாரம் அவளிடம் கேட்டேன், இப்போதும் பயமாக இருக்கிறதா என்று. "பயமெல்லாம் இல்லக்கா. செத்ததுக்கு அப்புறமும் கத்துக்க வந்தாங்க. அப்பவும் போங்கன்னுட்டேனே," என்று முகத்தை மூடிக்கொண்டாள்.