பன்னிரண்டடிப் படகு

என் மகளுக்கு நடக்க வராது. பிறந்தபோது மூச்சுத் திணறியதில் மூளை பாதிக்கப்பட்டு, கை கால்கள் விறைத்துப்போயின. தலை நிற்கவே சில வருடங்கள் ஆயிற்று. இப்போது வளர்ந்த பெண். ஆனாலும் பேச்சென்று இருப்பது சில ஒலிகள்தான். ‘ப்பா’ என்றால் அப்பா. ‘தா’ என்றால் தண்ணீர். என்னைக் கூப்பிட அவளிடம் ஒலி ஏதும் இல்லை. “நீ எப்பவும் பக்கத்துலயே இருக்கற. அப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?” என்று என் கணவர் சமாதானம் சொல்வார்.

தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் மிளகுக் காட்டுக்குக் கீழே போகும் ஓடையில் அவளைப் படுக்கவைத்து, தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். விறைத்த கால்கள் தண்ணீருக்குள் மெல்லத் தளரும். எந்நேரமும் மூடிக் கிடக்கும் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். அவள் சிரிக்கும் சத்தம் மேலே அடுப்படியில் இருக்கும் எனக்குக் கேட்கும். வளர வளர அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க முடியாமல் போயிற்று. ஒருமுறை இருவரும் சறுக்கி, ஒரு பலா வேரைப் பிடித்துத் தப்பினார்கள். அதோடு ஓடை நின்றது. அவளுக்கு அது எப்படிப் புரியும்? மழை இறங்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்து ‘தா, தா’ என்று சொல்லிக்கொண்டேயிருப்பாள்.

என் கணவர் சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருந்தார். மலையிலிருந்து பலாவும் வாழையும் மிளகும் ஏற்றிக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போவார். நான் பிறந்த ஊர் அது. லாரி சும்மா இருந்த ஒரு நாளில் மகளை அதில் ஏற்றிக்கொண்டு, சமவெளியில் ஓர் ஏரிக்குப் போனோம். அங்கே படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே இருந்தவை எல்லாம் காலால் மிதிக்கும் படகுகள். இருக்கை குறுகல். சாய்ந்துகொள்ள இடமில்லை. அவள் தானாக நிமிர்ந்து உட்காரமாட்டாள்.

“மடியில வெச்சுக்கறனுங்க” என்றார் இவர்.

படகுத் துறையில் இருந்தவர் மகளைப் பார்த்தார். அவள் ஏரியைப் பார்த்துக் கை கால்களை உதறிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாமுங்கண்ணா. சின்னப் படகுங்க. புள்ள ஒரு உதறு உதறுனா சாஞ்சுரும். அப்புறம் யாரு பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. நாங்கள் கரையிலேயே சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு நின்றோம். திரும்பும் வழியில் மகள் அழுது அழுது தூங்கிப்போனாள். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவாக ஏறினோம். மேலே குளிர்காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு இவர், “நம்ம ஊரு ஏரியில நாமளே ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன புள்ள?” என்றார்.

விளையாட்டுப் பேச்சென்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். ஊராட்சியில் பேசினார். நோயாளிப் பெண்ணுக்காக என்றதும் யாரும் குறுக்கே நிற்கவில்லை. சேலத்துப் பக்கம் ஒரு பட்டறையில் மிதவைப் படகு செய்கிறார்கள் என்று விசாரித்து வந்தார். காற்றடைத்த இரண்டு நீளக் குழாய்களின் மேல் தட்டையாகப் பலகைத் தளம், சுற்றிலும் கம்பி, பின்னால் பேட்டரி மோட்டார். சாதாரணப் படகைப் போல அது ஆடாது. நாற்காலியோடு அப்படியே உருட்டி ஏற்றிவிடலாம்.

எந்த அளவு வாங்குவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பட்டறைக்காரர் இரண்டு அளவு சொல்லியிருந்தார். பன்னிரண்டடி ஒன்று, பதினெட்டடி ஒன்று. பெரியதற்கு அகலமும் கூட. சின்னதில் நாற்காலியும் கூட இரண்டு பேரும் போகலாம். பெரியதில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் அதைத் திருப்பவும் கரையில் அணைக்கவும் இரண்டு ஆள் வேண்டும்.

“சின்னதே போதுமுங்க. நம்ம மூணு பேர்தானே?” என்றேன்.

“நீயும் நானும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் போறதுக்கா? ஊருப் புள்ளைங்க எல்லாம் ஏறட்டும். கத்தட்டும், பாடட்டும். அவ கூட்டத்துல இருந்ததே இல்ல புள்ள.”

கோலமாவை எடுத்துக்கொண்டு போய், சாமை அடிக்கும் களத்தில் இரண்டு படகையும் கோடு போட்டுக் காட்டினார். மகளைச் சின்னக் கோட்டுக்குள் கொண்டுவந்து நாற்காலியைத் திருப்பினார். முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது. “பாரு, ஏரிக்குள்ள போயிருச்சு” என்றார். பிறகு பெரிய படகுக்குள் நிறுத்தி, வீட்டிலிருந்த நாற்காலி, முக்காலி எல்லாவற்றையும் சுற்றிப் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த தன் அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கடைசியாக நானும் போய் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்று வாயால் மோட்டார் சத்தம் போட, மகள் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். வெயில் ஏறும்வரை அந்த மாவுக் கோட்டுக்குள்ளேயே இருந்தோம். பெரியதுதான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

அவ்வளவு நீளக் குழாய் மலைப்பாதையில் திரும்புமா என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. அதற்கும் ஒரு வழி செய்தார். பதினெட்டடி மூங்கில் ஒன்றை லாரியில் கட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சிவப்புத் துணி முடிந்து, அடிவாரத்திலிருந்து காலி லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி மூங்கிலைப் பார்ப்பது என் வேலை.

“இடிக்குதா?”

“இல்லீங்க.”

“இப்ப?”

“இல்லீங்க, இல்லீங்க.”

மேலே நெருங்கும்போது ஒரே ஒரு வளைவில் மட்டும் தடுப்புச் சுவரை லேசாக உரசியது. இறங்கிப் போய் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். “இங்க மட்டும் வண்டியக் கொஞ்சம் பின்னால எடுத்து ஒடிச்சுத் திருப்பினாப் போதும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எத்தனையோ வருடங்களாக அந்தப் பாதையில் அவரோடு போய் வந்திருக்கிறேன். அன்று போல் அவர் சந்தோஷமாக ஓட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டறைக்குப் போன் செய்து, பெரியதையே செய்யச் சொல்லிவிட்டார்.

அடுத்த சந்தை நாளில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போனார். பாதிப் பழம் இறக்கியதும் தோளைப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்பலகையில் உட்கார்ந்தாராம். தண்ணீர் கேட்டிருக்கிறார். வாங்கிக்கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பயனில்லை. எனக்குப் போன் செய்தவர் நெஞ்சு வலி என்று மட்டும்தான் சொன்னார். ஆனால் அவர் குரல் இருந்த இருப்பில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் அவருடைய லாரியை அவர் சிநேகிதர் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் ஊரே கூடி அழுதுகொண்டிருந்தது. லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் என் மகள் தலையைத் தூக்கினாள். முகம் மலர்ந்துபோயிற்று. “ப்பா! ப்பா!” என்று கத்தினாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டார்கள்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு அடங்கிய ஒரு காலையில் பட்டறைக்காரர் போன் செய்தார். அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னேன்.

“அம்மிணி, இன்னும் குழாய் வெட்டலீங்க. வேண்டாம்னாலும் ஒண்ணுமில்ல. இல்ல, அளவு கிளவு மாத்தறதுன்னாலும் சொல்லுங்க. யோசிச்சு நிதானமாச் சொல்லுங்க.”

கணவரின் அண்ணன் வேண்டாம் என்றார். “தனிப் பொம்பளையா ஏரிக்குள்ள என்ன பண்ணப்போற? அவன் இருந்தான், சரி. இப்ப எதுக்கு கண்ணு?”

“புள்ள கேக்கறாளுங்க மாமா” என்றேன்.

களத்துக்குப் போனேன். மழையில் கோடு இருந்த அடையாளமே இல்லை. சும்மா நடந்து பார்த்தேன். பதினெட்டடி என்பது எத்தனை நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நான் ஒருத்தி கரையில் அணைக்க முடியாது. துணைக்கு நாள்தோறும் யார் வருவார்கள்? அவரவருக்குக் காடு இருக்கிறது, கிழங்கு பிடுங்க வேண்டும், சாமை அறுக்க வேண்டும். சின்னதென்றால் நானே கயிற்றை இழுத்துக் கட்டிவிடலாம். நாற்காலியைத் திருப்ப முடியாவிட்டால் என்ன, ஏற்றியபடியே பின்னால் உருட்டி இறக்கிக்கொள்ளலாம். மறுநாள் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, பன்னிரண்டடி போதும் என்றேன். “சரிங்க அம்மிணி” என்று வைத்துவிட்டார். போனைக் கீழே வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அவர் நின்று ஓட்ட வேண்டிய இடத்தை நானே வாய்விட்டு வெட்டச் சொன்னது போல இருந்தது.

படகு வந்த அன்று, வேண்டாம் என்று சொன்ன அண்ணன்தான் ஆள் சேர்த்து அதை ஏரியில் இறக்கினார். பட்டறைக்காரரும் கூட வந்து எனக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, நாற்காலியின் சக்கரங்களைக் கம்பியோடு இறுக்கிக் கட்டி, மகளை ஏற்றினோம். அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்தார். நான் பின்னால்.

கரையை விட்டு விலகியதும் அவள் தண்ணீரைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கழுத்தை முறுக்கிக்கொண்டு கரையையே பார்த்தாள். ஏரிக்கரையை ஒட்டிப் போகும் ரோட்டில் ஏதோ ஒரு வண்டி போயிற்று. “ப்பா” என்றாள். பிறகு பெரிதாக அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பாவை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் கிளம்பிவிட்டோம் என்று நினைத்திருப்பாள் போல.

“திருப்பு சாமி, திருப்பிரு” என்றார் அண்ணன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

சில வாரம் படகு கட்டியபடியே கிடந்தது. பிறகு காற்றில்லாத ஒரு காலையில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியைக் கரையிலேயே விட்டுவிட்டு, தளத்தில் பாய் விரித்து, மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். அண்ணி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மோட்டாரை ஓட்டவில்லை. மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டே போனேன். கம்பி இடுக்கு வழியாக அவள் கை வெளியே தொங்கியது. தண்ணீர் தொட்டதும் விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே மூடிக் கிடந்தன. பிறகு பிரிந்தன. அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தாள்.

இப்போது வாரத்தில் சில நாள் போகிறோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கரையில் நின்று, “அத்தை, நாங்களும் வாரோம்” என்பார்கள். நாற்காலி இல்லாத இடத்தில் இன்னும் ஒருவரைத்தான் ஏற்ற முடியும். மற்றவர்கள் கரையோடு கூடவே ஓடி வருவார்கள். மகள் அவர்கள் சத்தம் வரும் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பாள்.

போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சொன்னாள்: “பெரிசாவே வாங்கிருக்கலாம் கண்ணு.”

“ஆமாங்கக்கா” என்றேன். கழியை ஊன்றி, படகைப் பிள்ளைகள் இருந்த பக்கமாகத் தள்ளினேன்.