இருபத்தொரு சீரும் மூன்று நடையும்

மாயாற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரியம்மாவின் ஊருக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்குக் கை பரபரக்கும். கேட்டவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் குறிப்புகள் போய்ச் சேர்ந்துவிடும். பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும், மிச்சத்துக்குப் பரிசல்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொள். ஏறியதும் விளிம்பை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார். எதிர்ப்பக்கம் ஆள் உட்காரும்வரை அசையாதே. நடு ஆற்றில் பரிசல் சுற்றும்போது தண்ணீரைப் பார்க்காதே, அக்கரை மரத்தைப் பார். கையைத் தண்ணீருக்குள் விடாதே. அது உன் கை என்று முதலைக்குத் தெரியாது. கடைசிக் குறிப்பு: சாமான்களை ஒற்றைப்படையாகக் கொண்டுபோ.

ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் வாழ்க்கையின் முதல் வெற்றியைச் சொல்லியிருப்பேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பெரியம்மா அந்த ஊரில் புது வீடு கட்டி முடித்திருந்தார். சிமெண்ட் மூட்டை, ஜன்னல் கம்பி, கக்கூஸ் பீங்கான் எல்லாமே பரிசலேறிப் போய்க் கட்டிய வீடு. கிரகப்பிரவேசத்துக்குப் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோவது என் தாய்மாமாவின் பொறுப்பு. மாமாவுக்குச் சிங்காநல்லூரில் கிரைண்டர் பட்டறை. அக்காவுக்கென்று தன் கையாலேயே ஒரு கிரைண்டர் செய்து, சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். அதோடு பழம், சேலை, குத்துவிளக்கு என்று இருபது தட்டுகள். ஆக இருபத்தொன்று. எங்கள் பக்கத்தில் சீர் ஒற்றைப்படையில்தான் போகும்.

"ஆத்துக்கு அக்கட்டால கட்டிக் குடுத்துப்போட்டு மறந்துட்டாங்கன்னு எவனும் ஒரு சொல்லு சொல்லப்படாது" என்று மாமா வேனில் ஏறும்போதே சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் சீர் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். தவறினால் ஊரே பார்க்க, பன்னிரண்டு மணிவரை தட்டுகளோடு வாசலில் வெயில் காய வேண்டும்.

நானும் தயாராகத்தான் இருந்தேன். கம்ப்யூட்டரில் படகுப் பயணத்தைப் பற்றித் தேடி, கிடைத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். கிடைத்தது முழுக்கக் கப்பலைப் பற்றியது. குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய், மேல்தளத்தில் நடக்கும்போது கைப்பிடி, பாஸ்போர்ட்டுக்குத் தண்ணீர் புகாத உறை. வேனில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"ஏனுங் கேப்டனம்மா, நம்ம கப்பல்ல மேல்தளம் எந்தப் பக்கமுங்க வருது?" என்றார் மாமா. வேனே சிரித்தது. நான் நோட்டை மூடவில்லை.

காட்டு வழியில் ஒரு யானை சாலையை விட்டு நகர மனமில்லாமல் நின்று அரை மணி நேரத்தைத் தின்றது. ஆற்றங்கரையில் இறங்கும்போது மணி ஒன்பதரை. இரண்டு பரிசல்களில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசியிருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டே நடை" என்றார் மாமா. "மொத நடையில கெரைண்டரும் பாதித் தட்டும் ஆம்பளைகளும். ஏத்துங்க."

பரிசல்காரர் நடுவயது மனிதர். தண்ணீரைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். "நேத்தைக்கு இன்னிக்கு ஒரு சாண் ஏறியிருக்குதுங்க. மூணு நடையாப் போனாத் தேவலைங்க."

"மூணு நடைக்கு எங்கீங்க நேரம்? பொழுதன்னிக்கும் கல்லு ஏத்தி எறக்கறவனுங்க நானு. எட எனக்குத் தெரியாதுங்களா?"

"ஆகட்டுங்க" என்றார் அவர். ஆனால் துடுப்பைத் தொடவில்லை. மாமா மறுபடி அதட்டினார். மறுபடியும் "ஆகட்டுங்க." முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நோட்டோடு நின்ற என் பக்கம் வந்தார்.

"அம்மணி, மொத்தம் எத்தனை உருப்படிங்க?"

"இருபத்தொண்ணு."

"ரெண்டு நடையாப் போனா நடைக்கு எத்தனைங்க வரும்?"

"பதினொண்ணு, அப்புறம் பத்து."

"பத்துங்களா? ரெட்டைப்படையில ஆத்தத் தாண்டலாமுங்களா? எனக்கு இதெல்லாம் வெவரம் பத்தாதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மளமளவென்று போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றும் எட்டும். பதினைந்தும் ஆறும். எப்படிப் பிரித்தாலும் ஒரு நடை இரட்டைப்படை. "மாமா, ரெண்டு நடையில போகவே முடியாது!" என்று கரை அதிரக் கத்தினேன்.

மாமா நம்பவில்லை. விரல் விட்டு எண்ணினார். எட்டாவது விரலில் முகம் மாறியது. அதற்குள் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். "தேங்காத் தட்ட ரெண்டாப் பிரிச்சுப்போட்டா பதினொண்ணு, பதினொண்ணு வருமல்லோ?"

"அப்ப மொத்தச் சீரும் இருவத்திரண்டாப் போயிருமுங்க அண்ணி" என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேனில் சிரித்த அதே ஆட்கள். நான் ஒரு நொடி நிறுத்தி, ரசித்து, சொன்னேன்: "ஏழு, ஏழு, ஏழு. மூணு நடை."

"மூணுங்களா?" பரிசல்காரர் தலையைச் சொறிந்தார். "நேரமாகுமுங்களே..."

"ஆனா ஆகட்டுமுங்க! என்ற மருமவ கணக்குப் போட்டுச் சொல்லிப்போட்டா. எடுங்க துடுப்ப!"

துடுப்பு உடனே அவர் கைக்கு வந்துவிட்டது.

முதல் நடையில் கிரைண்டர், ஆறு தட்டுகள், மாமா, நான். நடு ஆற்றில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியபோது பரிசல்காரர் குனிந்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் கையை வைத்தார். மூன்று விரல்தான் நுழைந்தது. "முதலை இருக்குங்க, கையை விடாதீங்க" என்று நான் எச்சரித்தேன். "சரிங்க அம்மணி" என்று எடுத்துக்கொண்டார். மாமா ஏனோ இறங்கும்வரை கிரைண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது நடை அக்கரை சேர்ந்தபோது பத்தே கால். ஓட்டமும் நடையுமாகப் போய், ராகு காலத்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது இருபத்தொரு சீரும் வாசலைத் தாண்டின. பெரியம்மா நிலைப்படியில் நின்று, உதடு அசைய ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்து ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு இன்னும் முப்பது நடை அடிக்கலாம். வந்தவர் போனவரிடமெல்லாம் மாமா என் கணக்கைச் சொன்னார். கிரைண்டரின் சுவிட்சை முதன்முதலில் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பந்தியில் பரிசல்காரர் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "இந்தக் கணக்க யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. நானே கண்டுபிடிச்சேன்."

"ஆமாங்க. நீங்களேதானுங்க" என்று சொல்லிவிட்டு, இலையில் ரசத்துக்குக் குழி பறித்தார்.

அந்த ஊருக்குப் போகும் கல்யாணச் சீர், காதுகுத்துச் சீர் எல்லாவற்றையும் வருடக்கணக்காக ஏற்றி இறக்கும் மனிதருக்கு இருபத்தொன்றைப் பிரிக்கத் தெரியாமலா இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் நோட்டைப் பிரித்து, இஞ்சி மிட்டாய்க்கும் பாஸ்போர்ட் உறைக்கும் கீழே, பெருமை பொங்க இப்படி எழுதினேன்: "பரிசல்காரருக்குக் கணக்கு வராது. கூடப் போகிறவர்கள்தான் போட்டுச் சொல்ல வேண்டும்."