சவர்க்காரப் பெட்டிக்குள் ஒரு மின்சுற்று

இரத்தினபுரிப் பக்கம் ஒரு சிறிய தொழில்நுட்பக் கல்லூரியில் பதினொரு வருடம் மின்பொறியியல் கற்பித்தேன். ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை. காலையில் வகுப்பு முழுவதற்கும் சிங்களத்தில். பின்னேரம், தோட்டங்களிலிருந்து வந்த நான்கைந்து பேருக்குத் தமிழில். அவர்கள் என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார்கள், ஆனால் எழுத வராது. அப்படிச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. தொடங்கிவிட்டேன், பிறகு நிறுத்த மனம் வரவில்லை. வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும். மனைவி ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் அந்த நான்கைந்து பேரில் ஒருத்தி தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவளுடைய அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் காய வைக்கும் டிரையரில் வேலை. சூடு கூடினால் தூள் கருகிப்போகும். அங்கிருந்த வெப்பமானி பழுதாகி வெகுகாலம். ஆகவே சூடு ஓர் அளவைத் தாண்டினால் ஒலி எழுப்பும் கருவியொன்றைத் தன் இறுதி வருடச் செயல்திட்டமாகச் செய்தாள். பற்றரி, சின்ன ஒலிப்பான், வயர்கள், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள் அடக்கம். சனி, ஞாயிறு வீட்டுக்குக் கொண்டுபோய் ஸ்டோரில் வைத்துப் பார் என்று சொன்னது நான்தான்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. பத்து மணியளவில் பொலிஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்குத் தொலைபேசி வந்தது. கல்லூரிக்கு வரும் வழியில், சோதனைச் சாவடியில் பெட்டியைக் கண்டு குண்டோ என்று அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி நிலையத்துக்குக் கொண்டுபோனார்களாம். அது அவளுடைய செயல்திட்டம்தான் என்று ஒரு கடிதத்தில் அதிபர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன்.

அவள் சுவரோரம் ஒரு மர வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் அவளுடைய அடையாள அட்டையும் சவர்க்காரப் பெட்டியும். கான்ஸ்டபிளுக்கு ஒரு தடவை, சார்ஜனுக்கு ஒரு தடவை, பொறுப்பதிகாரிக்கு ஒரு தடவை என்று மூன்று முறை விளக்கினேன். அதிகாரி என் அடையாள அட்டையையும் வாங்கி, பெயரையும் பிறந்த ஊரையும் மெதுவாக வாசித்தார். பிறகு, இங்கேயே இயக்கிக் காட்டுங்கள் என்றார். ஒரு கிளாஸ் சுடச்சுடத் தேநீர் வந்தது.

பெட்டியை எடுக்கப்போனேன்.

“நான் செய்றேங்க சார்,” என்று எழுந்தாள். “இத டிரையர் சூட்டுக்கு வச்சிருக்கேன். தேத்தண்ணிக்கு அடிக்காது. கொஞ்சம் கொறைக்கணும்.”

அதிகாரியிடம் சிங்களத்தில், மரியாதையாக, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கித் திருகினாள். வெப்பத்தை உணரும் நுனியைத் தேநீரில் வைத்தாள். சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு கீச்சென்று அடித்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் பின்னால் நகர்ந்தார். அதிகாரி சிரித்துவிட்டார். வீட்டுக்கு இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று அவளிடம் கேட்டார். முடியும் என்றாள்.

பகல் ஒரு மணிக்கு விட்டார்கள். பெட்டியைப் பரிசோதனைக்கென்று வைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு தடவை போய்க் கேட்டேன், கிடைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவள் அழவில்லை. “வீட்டுல சொல்லிறாதீங்க சார். அப்பா படிப்ப நிப்பாட்டிருவாரு,” என்றாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்கதான் கொண்டுபோகச் சொன்னீங்கன்னு நான் அவங்ககிட்ட சொல்லலங்க,” என்றாள்.

நானும் சொல்லவில்லை. மூன்று முறை விளக்கியதில் ஒரு முறைகூட அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. மறந்துபோய் அல்ல. பஸ் வரும்வரை அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் எதிரே இருந்த கடையின் பெயர்ப் பலகையையே வாசித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கல்லூரியிலேயே இன்னொன்று செய்து சித்தியடைந்தாள். அது கல்லூரியை விட்டு வெளியே போகவேயில்லை. அடுத்த வருடத்திலிருந்து பின்னேர வகுப்பில் முதல் நாளே ஓர் அறிவுரை சொன்னேன்: வயரும் பற்றரியும் உள்ள எதையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். காலை வகுப்பில் அதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. பின்னேர வகுப்புப் பிள்ளைகள் ஏன் என்று கேட்கவுமில்லை, தலையாட்டிவிட்டுக் கொப்பியைத் திறந்தார்கள்.

அவளுக்கு ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. சேர்ந்த மாதம் தொலைபேசியில் அழைத்தாள். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

“வேலன்னு ஒண்ணு இருக்குங்க சார்,” என்றாள். பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம். கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.