கூடைக்குப் போன டயல்

வாட்ச் அக்காவும் நானும் ஒரே கடையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். அந்தப் பக்கம் அவள் வாட்ச் பழுது பார்ப்பாள், இந்தப் பக்கம் நான் பூட்டுக்குச் சாவி வெட்டுவேன். அதிர்ந்து பேச மாட்டாள். எல்லோரும் அவளைச் சாது என்றார்கள். நான் நம்பியதில்லை.

அவளுடைய அப்பா படுக்கையில் கிடந்தபோது, அவர் வாட்சுக்குக் காலையில் சாவி கொடுத்தது அவள்தான். "எனக்கப்புறம் இது உனக்குத்தாம்மா" என்று அவர் சொல்லியிருந்தார். கடைசி நாளில் அவள் டாக்டரைக் கூப்பிடப் போன நேரம், மூச்சு முழுசாக அடங்கும் முன்பே, அண்ணன் அதைக் கழற்றிக்கொண்டான். திரும்பி வந்தவள் பார்த்தது வெறும் மணிக்கட்டை. அதை அவள் மன்னிக்கவே இல்லை.

போன மாதம் அந்த அண்ணன் துரை அதே வாட்சோடு கடைக்கு வந்தான். பழைய வாட்ச் சேர்க்கிற சம்பந்திக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டுமாம்.

"எல்லாத்தையும் புதுசா மாத்திடு. பழசாத் தெரிஞ்சா என் கௌரவம் என்னாகறது?"

"டயல மாத்தினா இதோட மதிப்பே போயிடும் அண்ணா. யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கே பாடம் எடுக்காத. சொன்னதச் செய்."

செய்தாள். டயல், முள், கண்ணாடி எல்லாம் புதுசு. கழற்றிய பாகங்களை வழக்கப்படி ஒரு கவரில் போட்டு நீட்டினாள்.

"இந்தக் குப்பை எனக்கெதுக்கு?" என்று எங்கள் கூடையில் எறிந்துவிட்டுப் போனான். தவளை தன் வாயால் கெட்டது. அக்கா குனிந்து கவரை எடுத்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரமே முகம் கறுத்துத் திரும்பி வந்தான். "இதுக்குக் கடையில புதுசே வாங்கியிருக்கலாமே" என்று சம்பந்தி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாராம்.

"அந்தப் பழைய டயலக் குடு."

அக்கா தன் கையை மேசைமேல் வைத்தாள். அப்பாவின் மஞ்சளேறிய டயல், அதே முட்களோடு, யாரோ பழுதுக்குக் கொடுத்து வாங்க வராமல் விட்ட அதே கம்பெனி வாட்சுக்குள், அவள் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்னோடது" என்றான்.

"அப்படியா?" கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். குரல் உயரவில்லை. "கழட்டிக்கோங்க அண்ணா. அப்பா கையிலிருந்து கழட்டுனீங்களே, அதே மாதிரி. அன்னிக்கு நான் இல்ல. இன்னிக்கு நின்னு பாக்கறேன்."

அவன் கை பாதி தூரம் வந்தது. பிறகு தன் சட்டைப் பையிலேயே போய் ஒளிந்துகொண்டது.