அந்தத் தீர்ப்புக்கு ஒரு நன்றித் திருப்பலி

நடக்காத ஒரு தீர்ப்பை எழுத எனக்கு உரிமை இருந்ததா? இந்தக் கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

மகள் தவழத் தொடங்கியபோது நாங்கள் நகரத்தின் ஓரத்திலிருக்கும் சந்தாபுராவுக்குக் குடிவந்தோம். அடுத்த தெருவில் ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வீட்டு முன்னறையில் ஒரே ஒரு மிஷின். அவர் தைப்பார், அந்த அம்மா ஊக்கு வைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பார். ரவிக்கை அளவு எடுக்கப் போன ஒரு மத்தியானத்தில்தான் அவர்களுடைய பழைய கடையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன்.

கன்டோன்மென்ட் பக்கம் அவர்களுக்கு ஒரு தையல் கடை இருந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர்ச் சண்டையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்த 1991 டிசம்பரில் கடை நிறைய கிறிஸ்துமஸ் துணிகள். பட்டன் மட்டும் பாக்கியிருந்த சட்டைகள், சின்னப் பிள்ளைகளின் ஃபிராக்குகள். எல்லாவற்றையும் தெருவில் இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் ஒருவன் தன் கல்யாணத்துக்கு அந்தக் கடையில்தான் பேண்ட் தைத்துக்கொண்டவன். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதி ஒரு கையெழுத்து வாங்கினார்களாம். அதோடு சரி.

அந்த நாட்களில் நான் பள்ளி மாணவி. வேறொரு பேட்டையில் இருந்தோம். அப்பா சுவரிலிருந்த தமிழ்க் காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். அதனாலேயோ என்னவோ, அந்த அம்மா சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார்.

மகள் தூங்கும் மத்தியான நேரங்களில் எழுதினேன். ஒரு தமிழ் மாத இதழில் அது தொடர்கதையாக வந்தது. யார் பேரும் போடவில்லை. கடைசி அத்தியாயத்தில் மட்டும் நடக்காததை எழுதினேன். ஒரு நீதிமன்றம். கூண்டில் அந்தக் கல்யாணப் பேண்ட் தைத்துக்கொண்டவன் நிற்கிறான். என்னென்ன எரிந்தது என்று தையற்காரர் ஒவ்வொரு துணியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். நீதிபதி குறுக்கிடாமல் கேட்கிறார். கடைசியில் அவன் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. பக்கத்தில் குழந்தை படுத்திருந்தபோது கதையை அப்படியே அந்தரத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. பலவீனம் என்றால் பலவீனம்தான்.

அந்தத் தம்பதி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து, சிவாஜிநகரில் இறங்கி, பழைய பங்குக் கோயிலுக்கே போகிறார்கள். அங்கே பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபம் சொல்வார்கள். அன்பியம் என்று அதற்குப் பெயர். அவர்களில் யாரோ அந்த இதழை வாங்கி, ஜெபமாலை முடிந்ததும் மாதாமாதம் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். கடை எரிந்ததை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். பேர் இல்லாவிட்டாலும் யார் கதை என்று தெரியாதா? நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறது என்று அழுதிருக்கிறார்கள். எல்லாமே நிஜமாக இருக்கும்போது கடைசி அத்தியாயம் மட்டும் ஏன் பொய்யாக இருக்க வேண்டும்? கேஸ் ஜெயித்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள். எல்லோரும் காசு போட்டு, அந்த அம்மாவுக்குச் சொல்லாமல், கோயிலில் ஒரு நன்றித் திருப்பலிக்கு, அதாவது நன்றிப் பூசைக்கு, எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிறு பூசைக்கு முன் சாமியார், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தார். நீண்ட நாள் வழக்கில் நீதி பெற்ற ஒரு தையற்காரர் குடும்பத்தின் நன்றிக்காக என்று வந்ததும் கோயிலே திரும்பிப் பார்த்ததாம். பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணு பட்டுடும்னு மறைச்சிட்டியா, ஸ்வீட் எங்க என்று ஒருத்தி இடித்திருக்கிறாள்.

மறுநாள் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். ஆறும்வரை குடிக்கவில்லை. என் மகளின் பேரை வைத்துக் கூப்பிடாமல் எப்போதும் என்னைப் பாப்பா அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"எல்லாரும் காசு போட்டு பூசை வெச்சிருக்காங்க, பாப்பா அம்மா. கோயில்ல நின்னுக்கினு இல்லன்னு எப்பிடி சொல்றது? தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். ஆண்டவரு முன்னாடியே பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர்கள் பஸ் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை வாசலில்தான், அன்று துணிகளைக் கொளுத்திய அவன் உட்கார்ந்திருப்பானாம். இவர்களைப் பார்த்தால் தலையசைப்பானாம். ஜெயித்த பேச்சு அவன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். கதை புத்தகமாகப் போகிறது என்று சொல்லியிருந்தேன். அதில் கோர்ட்டை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்றேன். அன்றே இன்னொரு கடைசி அத்தியாயமும் எழுதினேன். அதில் ஒரு கையெழுத்து வாங்குகிறார்கள், பிறகு ஒன்றும் நடப்பதில்லை.

அதைச் சொல்லத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தையற்காரர் மிஷினை நிறுத்தினார்.

"எடுக்காதம்மா," என்றார். "நெசத்துல அவன் நிக்கப்போறதில்ல. உன் கதையிலயாவது நிக்கட்டும்."

"கதையில நின்னா அவனுக்குக் காலு வலிக்குமா?" என்றார் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவனுக்கு வலிக்காது. அந்தத் துணிய எல்லாம் நான் ஒண்ணொண்ணா சொன்னேனில்ல, ஒருத்தரு உக்காந்து கேட்டாருல்ல. அது போதும் எனக்கு."

சொன்னேன் என்றார். நான் சொன்னதாக நீ எழுதினாய் என்று அவர் சொல்லவில்லை. நான் அங்கே அதற்குமேல் உட்காரவில்லை.

அதன்பின் அந்த அம்மா கோயிலுக்குப் போகவில்லை. ஞாயிறன்று தையற்காரர் மட்டும் தனியாகப் பஸ் ஏறுகிறார். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒன்றாகப் பூசைக்குப் போனவர்கள். மகளோடு மாடியில் துணி காயப்போடும்போது அவர் தனியே நடந்து போவது தெரியும். பார்க்காதது போல உள்ளே வந்துவிடுவேன்.

இது கற்பனை என்று புத்தகத்தின் முன்பக்கத்தில் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். கடை எரிஞ்சதும் கற்பனைன்னு ஆயிடாதா என்றார் தையற்காரர். அந்த அம்மா அதற்கு மட்டும் அவர் பக்கம் நின்றார். என் கணவர் புத்தகமே வேண்டாம் என்கிறார். மகளைக் கன்னடப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம், நமக்கு ஏன் இது என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் தப்பில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் இருவரிடமும் கேட்டேன். தையற்காரர் தோளைக் குலுக்கினார். "எழுது, இதாவது நெசம்," என்றார் அந்த அம்மா.

பதிப்பாளர் காத்திருக்கிறார். என் மேஜையில் இரண்டு கடைசி அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒன்றை அனுப்பினால் அந்த அம்மா இனி கோயில் படி ஏறமாட்டார். மற்றதை அனுப்பினால் தையற்காரருக்குக் கிடைத்த ஒரே நீதிமன்றத்தை நானே பூட்டியதாகும். உங்களில் அநியாயத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அதை எழுதியவர்களும் இருப்பீர்கள். இந்த நிலையில் நீங்கள் எதை அனுப்பியிருப்பீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.